பச்சையம்மாவின் முழங்கால்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சமீபத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்த மறுநாளே அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி நிற்க வைத்துவிட்டார்களாம். இப்போது வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். நானும் அதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாலை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், அப்பல்லாம் தொடை எலும்பு உடைஞ்சா என்ன பண்ணுவீங்க? சி-ஆர்ம் கூட இருந்திருக்காதே?"

ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பைத் திரையில் காட்டும் கருவியைக் கேட்கிறாள். இல்லை என்றேன். அப்புறம் அவள் ஸ்கூட்டர் சாவியை எடுக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். நான் சொன்னதில் பாதியைத்தான் நம்பினாள் என்று அவள் முகம் சொல்லிற்று. அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். டாக்டருக்குப் படிக்க மார்க் போதவில்லை. நர்ஸ் வேலைக்கு அப்பா சம்மதிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று எங்கள் சபை போதகர் சொன்னதால் அதில் சேர்ந்தேன். படித்து முடித்து, அறுபதுகளின் நடுவில், தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த ஒரு சிறிய தரும ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்று அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அந்த நாளில் எங்கள் வேலை என்னவென்று யாருக்கும் தெரியாது. நோயாளிகள் என்னைக் 'கால் ஆட்டுற அம்மா' என்பார்கள். அதுவும் தப்பில்லை.

ஆண்கள் வார்டில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கயிறுகள். தொடை எலும்பு முறிந்தவரின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைக் குறுக்கே செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வழியாக எடை தொங்கவிட்டிருக்கும். கட்டிலின் அந்தப் பக்கத்தை மரக்கட்டைகள் வைத்து உயர்த்தியிருப்பார்கள். தொடையின் தசைகள் முறிந்த எலும்பை மேலே இழுக்கும். எடை கீழே இழுக்கும். எலும்பு சேரும்வரை மூன்று மாதம், சிலருக்கு அதற்கும் மேல், அப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும். எலும்பு சேர்ந்துவிடும். ஆனால் எழுந்து நிற்கும்போது தொடை மெலிந்து கையைப் போல ஆகியிருக்கும், முழங்கால் மரக்கட்டையாகியிருக்கும். எலும்பை டாக்டர் சேர்த்துவிட்டார், மீதி உன் வேலை என்று என்னிடம் அனுப்புவார்கள். அந்த மீதிதான் பெரிய வேலை.

எங்கள் எலும்பு சர்ஜன் டாக்டர் தேவசகாயம். மெலிந்த மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ரவுண்ட்ஸ் வரும்போது கேஸ் ஷீட்டைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் நோயாளியின் தொடைமேல் உள்ளங்கையை வைத்து, "இறுக்கு" என்பார். தசை கைக்குக் கீழே கெட்டியானால் தலையசைத்து அடுத்த கட்டிலுக்குப் போவார். ஆகாவிட்டால் அந்த நோயாளியைப் பார்க்க மாட்டார். திரும்பி என்னைப் பார்ப்பார். அவ்வளவுதான். திட்டு வாங்கியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் ஆபரேஷன் தியேட்டருக்கு வரச் சொன்னார்.

"எனக்கு அங்க என்ன வேலை சார்?"

"நீங்க நாளைக்கு அசைக்கப்போற தசையை இன்னைக்கு நான் வெட்டப்போறேன். எங்க வெட்டினேன்னு தெரியாம எப்படி அசைப்பீங்க?"

அன்று மேஜைமேல் இருந்தவர் படப்பைப் பக்கத்துப் பால்காரர். சைக்கிளில் கேனோடு வந்தவரை லாரி தட்டிவிட்டது. எலும்பின் உள்ளே இருக்கும் குழலுக்குள் நீளமான எஃகு ஆணியைச் செலுத்தி நிறுத்தும் முறை அப்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. முதல்நாளே டாக்டர் ஆணியைப் பால்காரரின் நல்ல தொடையின் பக்கவாட்டில் பிளாஸ்திரியால் ஒட்டி எக்ஸ்ரே எடுக்கச் செய்திருந்தார். நீளமும் பருமனும் சரியா என்று பார்க்க வேறு வழி இல்லை.

தொடையின் வெளிப்பக்கம் கீறினார். தசையைப் பிளக்காமல், அதன் பின் விளிம்பைத் தேடி, போர்வையை மடிப்பதுபோல முன்னால் ஒதுக்கினார். "பாத்தீங்களா? நடுவுல வெட்டினா சீக்கிரம் எலும்புக்குப் போயிடலாம். ஆனா அந்த வெட்டு ஆறும்போது தசை எலும்போட ஒட்டிக்கும். அப்புறம் நீங்க வருஷக்கணக்கா அழணும்" என்றார். முறிந்த இடத்திலிருந்து மெல்லிய கம்பியொன்றை மேல்நோக்கிச் செலுத்தி, இடுப்புக்குக் கீழே வெளியே எடுத்தார். ஆணி உள்ளே குழலாக இருப்பதால் அந்தக் கம்பியைக் கோத்துக்கொண்டு எலும்புக்குள் இறங்கும். சுத்தியலால் அடிக்க அடிக்க ஆணி இறங்கிற்று. ஒவ்வோர் அடிக்கும் சத்தம் கொஞ்சம் மாறும். திடீரென்று சத்தம் ஒரே மாதிரி ஆகிவிட்டது. ஆணி இறங்கவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே.

இன்னும் ஓங்கி அடித்தால் எலும்பு பிளக்கும். டாக்டர் சுத்தியலைத் தட்டில் வைத்துவிட்டு, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, சற்று நேரம் சும்மா நின்றார். பிறகு, "கழட்டிடலாம். உள்ள இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தி, ஒரு சைஸ் சின்னதா போடலாம்" என்றார், காபிக்குச் சர்க்கரை குறைக்கச் சொல்வதுபோல. ஏற்றிய நேரத்தைவிடக் கழற்றிய நேரம் அதிகம். ஆனால் பால்காரர் சில வாரங்களில் கட்டைகளை அக்குளில் ஊன்றி வார்டின் நடுவே நடந்து குளியலறைக்குப் போனார். கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் என்னிடம், "எனக்கும் அந்த ஆணிய அடிச்சுடச் சொல்லும்மா" என்று கெஞ்சினார்.

பச்சையம்மா வந்தது அதற்கு அடுத்த கோடையில்.

பல்லாவரத்துக்குப் பக்கத்து மலையில் கல் குவாரி. அவள் கணவன் முனுசாமி பாறையில் வெடிக்குக் குழி போடுகிறவன். அவள் ஜல்லி உடைப்பவள். வெடி வைத்த பிறகு உருண்ட கல்லொன்று அவள் வலது தொடையில் ஏறிவிட்டது. உறவுக்காரர்கள் முதலில் நாட்டுக்கட்டு போடுகிறவரிடம் தூக்கிப் போனார்கள். மூங்கில் பத்தையும் பச்சிலையுமாக இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தாள். எலும்பு சேர்ந்தது, முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி. கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. ஜல்லி லாரியில் சாக்கு விரித்து அதன்மேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் அந்த எலும்பைத் திறந்து, கோணலாகச் சேர்ந்ததைப் பிரித்து, நேராக்கி, ஆணி போட்டார். கால் கிட்டத்தட்ட நேரானது. நீளத்தில் கொஞ்சம் குறை இருந்தது. அதற்கு அவளுடைய செருப்பில் தோல் அடுக்கித் தைத்தோம். தசை மட்டும் எங்கள் கைக்கு வரவில்லை. கல் நசுக்கியது பாதி, மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது பாதி. தொடையின் முன்பக்கத் தசை எலும்போடு ஒட்டிப்போயிருந்தது.

"முட்டியை மடக்கும்மா" என்றால், "ஆணி வளஞ்சிக்கும்க்கா" என்பாள். வளையாது என்றால், "நீ உள்ள போய்ப் பாத்தியா?" என்பாள். பார்த்தேன் என்றதும் சிரித்துவிட்டாள். ஆனால் மடக்கவில்லை. தையல் பிரித்த கொஞ்ச நாளில் ஒரு காலை கட்டில் காலியாக இருந்தது. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

பல மாதம் ஆள் வரவில்லை. டாக்டர் ஒரு சனிக்கிழமை, "மிஸ் எஸ்தர், நீங்க பல்லாவரத்துல இறங்கித்தானே சர்ச்சுக்குப் போறீங்க? அந்தக் குவாரிக்காரம்மா என்ன ஆனாங்கன்னு பாருங்க" என்றார். மறுநாள் ஆராதனை முடிந்து, பட்டுப்புடவையோடு வழி விசாரித்துக்கொண்டு நடந்தேன். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலையை உரசுவதுபோலத் தாழ்ந்து போனது. அங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற பெண்கள் தரையில் குந்தி, கல்லைக் காலிடுக்கில் நிறுத்தி உடைத்தார்கள். பச்சையம்மா மட்டும் உயரமான பாறைத்துண்டின்மேல் வலது காலை விறைப்பாக நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுத்தியலைப் போட்டுவிட்டாள்.

"ஐயே, இன்னாக்கா நீ இங்க வந்துகினு கீற, இந்தப் பொடவையோட!"

"ஏன் சொல்லாம வந்துட்ட?"

"வூடு மேஸ்திரியோடது. ரெண்டு பேரும் வேல செஞ்சாத்தான் குடிசைல இருக்கலாம். நான் ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தா, வேற ஆள வச்சிருவான்."

முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். அதற்கடியில் ஒரு விரல் நுழையும் அளவுதான் மடங்கிற்று. ஆனால் எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. முழு பாரத்தையும் அந்தக் காலில் போட்டு நின்றாள். நடக்கிறாயே, வேலையும் செய்கிறாயே, சமாளித்துக்கொள்கிறாய் அல்லவா என்று கேட்டேன். மற்றவர்களுக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்தாள்.

"கல்லு ஒடைக்கறத வுடுக்கா. அது எப்பிடியாவது ஒடையும். காலைல வெளிக்குப் போவணும்ல? குந்த முடில. எங்க நாத்தனா வந்து கையப் புடிச்சிகினு நிக்குது. தெனிக்கும். அது மூஞ்சிய நானும் பாக்கறதில்ல, என் மூஞ்சிய அதுவும் பாக்கறதில்ல."

பாடப்புத்தகத்தில் முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்று எண்களில் இருக்கும். அந்த எண்கள் எதற்காக என்று எனக்கு அந்தக் கல்மேட்டில்தான் விளங்கிற்று.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். அவர் மேஜைமேலிருந்த பேனாவை மூடி வைத்தார். "வரச் சொல்லுங்க. புருஷனையும்" என்றார்.

வந்தார்கள். டாக்டர் அவர்களை எதிரில் நாற்காலியில் உட்கார வைத்தார். பச்சையம்மா காலை நீட்டியபடி நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு ஆபரேஷன் இருக்கு. எலும்போட ஒட்டியிருக்கற தசையைப் பிரிச்சு விடணும். கெட்டுப்போன பகுதியை எடுத்துடணும். முட்டி மடங்கும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோம்மா. காலை நீட்டி நிறுத்தறதும் அதே தசைதான். அதுல கை வச்சா அந்தப் பலம் குறையும். நாற்காலில உக்காந்து காலை நீட்டினா முழுசா நீளாது. மேட்டுல ஏறும்போது முட்டி சட்டுனு மடிஞ்சு விழலாம்."

"எத்தினி நாளைக்கு சார்?" என்றான் முனுசாமி.

"மாசக்கணக்குல ஆகும். சில பேருக்குத் திரும்பாமலே போகலாம். இவங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

முனுசாமி எழுந்துவிட்டான். "வேணாம் சார். ஒரு வாட்டி கல்லு ஒடச்சிது, ஒரு வாட்டி நீங்க ஒடச்சீங்க. இப்ப நடந்துகினுதான கீது? நல்லாருக்கற கால எதுக்கு மறுபடி கிழிக்கணும்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பச்சையம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னா சொல்றக்கா?"

"மடங்கறதுக்கு அவர் பொறுப்பு. நீட்டற பலத்தை நாம ரெண்டு பேரும் சேந்துதான் கொண்டுவரணும். வரும்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா இந்த வாட்டி நீ ஓடிப்போனா கண்டிப்பா வராது."

நீட்டிய முட்டியை உள்ளங்கையால் தட்டிக்கொண்டாள். பிறகு கணவனிடம், "வுழுந்தா எந்திரிச்சிக்கலாம்யா. குந்தவே முடிலன்னா இன்னா பண்றது? உன் தங்கச்சி எத்தினி நாளிக்கு வரும்? அது கண்ணாலம் கட்டிகினு போவாதா?" என்றாள். கடைசியில் முனுசாமி, குடிசை போகாதிருக்கத் தன் தங்கையையே அவள் இடத்தில் ஜல்லி உடைக்க வைப்பதாக ஒப்புக்கொண்டான்.

ஆபரேஷன் அன்று தியேட்டரில் அவள் கால்மாட்டில் நின்றேன். தசை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகத் தேங்காய் நார் போல ஒன்று எலும்பைப் பற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் அவசரப்படவில்லை. நல்ல தசையை இரு பக்கமும் பிரித்து ஒதுக்கி, நாரை இழை இழையாக எடுத்தார். கொஞ்சம் எடுப்பார், முழங்காலை மடக்கிப் பார்ப்பார், மறுபடியும் எடுப்பார். கடைசியில் காலை மேஜை விளிம்புக்கு வெளியே விட்டு மெல்ல அழுத்தினார். குதிகால் கீழே இறங்கி, மேஜைக்கு அடியில் போயிற்று.

"பாத்துக்குங்க, மிஸ் எஸ்தர். இவ்வளவு மடங்குது. இதை விட்டுடாதீங்க."

விடவில்லை. மூன்றாம் நாளே ஆரம்பித்தேன். மடக்கும்போது பச்சையம்மா என்னைத் திட்டிய திட்டில் பாதி வார்த்தைகள் ஆசிரியர் வீட்டுப் பெண்ணான எனக்குப் புதியவை. பக்கத்துக் கட்டில்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பயிற்சி முடிந்ததும் அவளே, "மனசுல வச்சிக்காதக்கா, நோவு பேசுது" என்பாள். சில வாரங்களில் முழங்கால் நன்றாக மடங்கிற்று.

நீட்டுவதுதான் வரவில்லை. டாக்டர் எச்சரித்தது அப்படியே நடந்தது. மல்லாந்து படுத்து, காலை நேராக வைத்துத் தூக்கச் சொன்னால், தொடை கொஞ்சம் எழும்; குதிகால் மெத்தையை விட்டு வராது. தினமும் காலையில் டாக்டரின் கை, "இறுக்கு". கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவர் என்னைப் பார்ப்பார். மின்சாரத்தால் தசையைத் துடிக்க வைக்கும் பெட்டியைக் கொண்டுவந்தேன். கரண்ட் வைத்தால் தசை துள்ளும். எடுத்தால் செத்துக் கிடக்கும். பச்சையம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் முனுசாமி வந்து, கட்டிலோரம் நின்று, எதுவும் கேட்காமல் பார்த்துவிட்டுப் போனான். அவன் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்தத் தசையை எப்படி இறுக்குவது என்பதே அவள் உடம்புக்கு மறந்துவிட்டதென்று எனக்குத் தோன்றிற்று. அவளுடைய ஒரு கையை நல்ல தொடைமேலும் இன்னொரு கையைக் கெட்ட தொடைமேலும் வைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன்.

"நல்ல காலை இறுக்கு. கைக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"விடு. மறுபடி. இப்ப ரெண்டையும் சேத்து."

நாள்தோறும் இதேதான். வேறு வழி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு பிற்பகல் அவள் கண்ணைத் திறந்து கத்தினாள்:

"அக்கா! எலி ஓடுதுக்கா! உள்ள எலி மாதிரி ஓடுது!"

கெட்ட காலின் முழங்கால் சில்லு மேலே நகர்ந்து இறங்கிற்று. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். நகர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி எழுந்து வந்து தானும் கை வைத்துப் பார்த்தாள். அப்புறம் வார்டே ஒவ்வொருத்தியாக வந்து பார்த்தது. மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகும் சுலபமாக நடந்துவிடவில்லை. குதிகால் மெத்தையை விட்டு எழ இன்னும் பல வாரம். கட்டைகளை விட்டு ஒற்றைத் தடி. ஒருமுறை ஆஸ்பத்திரிச் சரிவில் முழங்கால் மடிந்து விழுந்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, முனுசாமிதான் என்மேல் பாய்ந்தான். வீட்டுக்குப் போன பிறகும் வாரா வாரம் ஜல்லி லாரியில் தொற்றிக்கொண்டு வந்தாள். மேட்டில் ஏறும்போது தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு ஏறுவாள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான். பிறகு ஒருநாள், இரண்டு கையிலும் பை பிடித்து எங்கள் ஆஸ்பத்திரிப் படியேறி வந்தாள். கையால் அழுத்தவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை. நான் சொல்லித்தான் தெரிந்தது. கால் முழுதாக நீள்வதில் கொஞ்சம் குறை கடைசிவரை இருந்தது. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. நாத்தனாருக்கும் இதற்கிடையில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கல்யாணம் ஆகிப் போயிற்று.

எழுபதுகளின் தொடக்கத்தில் டாக்டர் பச்சையம்மாவின் தொடையிலிருந்த ஆணியையும் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் காட்ட வந்த நாளில் புறநோயாளிகள் பகுதியில் நல்ல கூட்டம். ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் புது பெஞ்சுகள் வந்திருந்தன. அவற்றில் இடமும் இருந்தது. பச்சையம்மா மட்டும் டாக்டர் அறைக்கு நேர் எதிரில், நடைவழியில், முழங்கால் இரண்டும் மார்பில் முட்டத் தரையில் குந்தியிருந்தாள். டியூட்டி நர்ஸ் வந்து அதட்டினாள்.

"ஏம்மா, வழியில உக்காந்திருக்க? அதான் பெஞ்சு போட்டிருக்கில்ல, மேல உக்காரு."

பச்சையம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இம்மாம் பாடுபட்டு மடக்குனது பெஞ்சு மேல குந்திக்கவா?"

உள்ளேயிருந்து டாக்டர் தேவசகாயம் வெளியே வந்தார். நர்ஸ் அவருக்கு வழி விடச் சொல்லி மறுபடியும் அதட்டினாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டு, பச்சையம்மாவைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்.